எகிப்துக்குத் தனியாக 14 நாள்: பிப்ரவரி 22 அபு சிம்பல் திட்டம் தேறுமா?

வழிப்போக்கி, 2 டிசம்பர் 2025

பிப்ரவரி 13 காலை கெய்ரோவில் இறக்கம், 27 இரவு கிளம்பல். தனி ஆள். மையப்புள்ளி 22ஆம் தேதி: இரண்டாம் ரம்சேஸ் மன்னரின் அபு சிம்பல் கோயில் கருவறைக்குள் சூரிய ஒளி விழும் விடியல். மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

இப்போதைய கணக்கு: கெய்ரோ 3 நாள், ஸீவா பாலைவனச் சோலை 3, அஸ்வானும் அபு சிம்பலும் 3, லக்ஸர் 3, சினாய்த் தீபகற்பக் கடற்கரையில் தஹாப் 2.

கேட்கும் இடத்திலெல்லாம் "போலீஸ் கெடுபிடி அதிகம், குழுவோடு போ" என்கிறார்கள். என் வாதம் நேர்மாறு. காவல் அதிகம் என்றால் தனியாளுக்குத்தானே அது நல்லது? தப்பு இருந்தால் அடிக்கலாம்.

ரயில்பூச்சி, 2 டிசம்பர் 2025

வாதம் பாதி சரி. காவல் இருப்பது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் காவல் உங்களைத் தனி ஆளாகப் பார்ப்பதில்லை, "பட்டியலில் இல்லாத ஆள்" என்றே பார்க்கும். குழுவில் போனால் பெயர், பாஸ்போர்ட் எண், வண்டி எண் எல்லாம் முகவர் முதல் நாளே கொடுத்திருப்பார், சோதனைச்சாவடியில் பேருந்து நின்று கிளம்பிவிடும். தனியாகப் போகிறவர் தனக்குத் தானே முகவர். நீங்கள் இழக்கப்போவது பாதுகாப்பு இல்லை, நேரம். சாவடி உள்ள ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் வரைபடம் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சினாய் என்றால் இரண்டு.

இந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் பட்டியல் உடைகிறது. கெய்ரோவிலிருந்து ஸீவா மேற்கே, லிபியா எல்லைப் பக்கம். மத்தியதரைக் கடற்கரையில் மர்ஸா மத்ரூஹ் வரை போய் அங்கிருந்து தெற்கே இறங்க வேண்டும். பேருந்தில் ஒரு முழுப் பகலோ முழு இரவோ போய்விடும். பஹரியா வழியாகக் குறுக்கே ஒரு பாதை வரைபடத்தில் தெரியும், அது அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆகாது. தஹாப் கிழக்கே, சூயஸ் கால்வாய்க்கு அடியில் அஹ்மத் ஹம்தி சுரங்கம் தாண்டி. அபு சிம்பல் தெற்குக் கோடி, சூடான் எல்லையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். 14 நாளில் மூன்று கோடியையும் தொடுவது சுற்றுலா இல்லை, பார்சல் சேவை.

ஸீவாவோ தஹாபோ, ஒன்றை வெட்டுங்கள். இரண்டையும் வெட்டினால் இன்னும் நல்லது.

கல்வெட்டுக்கிறுக்கு, 3 டிசம்பர் 2025

தேதியை யாரும் கவனிக்கவில்லையா? 2026இல் ரமலான் பிப்ரவரி 18 அல்லது 19இல் தொடங்குகிறது, பிறை தெரிவதைப் பொறுத்து. உங்கள் 22 நோன்பின் முதல் வாரத்தில் விழுகிறது.

இதனால் ஆவது என்ன: தொல்லியல் இடங்களும் அருங்காட்சியகங்களும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடும், பிற்பகல் 3, 4 மணிக்கே வாசல் அடைக்கும் இடங்கள் உண்டு. எனவே நாளுக்கு ஒரே பெரிய இடம், அதுவும் காலையில். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சாலையில் இருக்காதீர்கள். வீட்டுக்கு நோன்பு திறக்க ஓடும் வண்டிகள், வெறும் வயிற்று ஓட்டுநர்கள். மறைந்த அடுத்த அரை மணி நேரம் ஊரே காலி, டாக்ஸி கிடைக்காது. அதன்பின் நள்ளிரவு தாண்டியும் கெய்ரோ விழித்திருக்கும், அது பார்க்க வேண்டிய காட்சி.

வெளிநாட்டவர் பகலில் சாப்பிடுவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை. தெருவில் நின்று தின்னாமல் விடுதிக்குள் சாப்பிடுவது மரியாதை, அவ்வளவே. சோதனைச்சாவடியில் நிற்கும் இளைஞர் விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார். அவர் முன்னால் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

மூட்டைமுடிச்சு, 3 டிசம்பர் 2025

எதைக் கொண்டு போகக் கூடாது என்பதை முதலில் பேசுவோம். திட்டம் கெடுவது பெரும்பாலும் பெட்டியால்தான், பாதையால் இல்லை.

ட்ரோன் கூடவே கூடாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 216 பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. பறக்கவிடவில்லை, பெட்டிக்குள்தானே கிடந்தது என்ற பதில் எடுபடாது. விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும். சின்ன பொம்மை ட்ரோனும் ட்ரோன்தான்.

பைனாகுலரும் சுங்கத்தில் சிக்கும் பொருள். பறவை பார்ப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல், ஆனால் வீட்டிலேயே விடுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசிக்கு முன் அனுமதி வேண்டும். வாக்கி டாக்கி எதற்கும் வேண்டாம்.

மருந்து: ட்ரமடால் அங்கே போதைப்பொருளுக்கு இணையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 290 மாத்திரைகளோடு வந்த பிரிட்டன் சுற்றுலாப் பயணி ஒருவருக்கு 2017 டிசம்பரில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முதுகுவலிக்கு, தூக்கத்துக்கு, பதற்றத்துக்கு எழுதித் தரும் எந்த மாத்திரையாக இருந்தாலும் அதன் உட்பொருளைப் பாருங்கள். பயண நாள் கணக்குக்கு மட்டும், கடை அட்டையோடு, மருத்துவர் கடிதத்தோடு. பெயரில்லாத டப்பாவில் கொட்டி எடுத்துப்போகும் பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்காவது விடுங்கள்.

காசு: எகிப்திய பவுண்ட் 5,000க்கு மேல் உள்ளேயும் கொண்டுவரக் கூடாது, வெளியேயும் கொண்டுபோகக் கூடாது. 10,000 டாலருக்கு மேல் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திரும்பும்போது: பழம்பொருள் எதுவும் வேண்டாம். 1983ஆம் ஆண்டுச் சட்டம் 117 அதைத் தடுக்கிறது. "மூவாயிரம் வருஷத்துக் கல்வண்டு, சார்" என்று கிசுகிசுப்பவரிடம் இருப்பது போன மாதம் செய்தது. ஒருவேளை அவர் சொல்வது உண்மையானால் உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

வழிப்போக்கி, 4 டிசம்பர் 2025

ரமலான் கணக்கு நிஜமாகவே தெரியாது. நன்றி. ஸீவாவை வெட்டிவிட்டேன். தஹாப் பற்றி இன்னும் மனசு ஊசலாடுகிறது.

அபு சிம்பலுக்கு அஸ்வானிலிருந்து விடியற்காலை 4 மணிக்கு போலீஸ் அணிவகுப்போடு போக வேண்டும் என்று ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. தனியாக டாக்ஸி பிடித்தாலும் அந்த வரிசையில்தான் சேர வேண்டுமா?

ரயில்பூச்சி, 4 டிசம்பர் 2025

அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். 1997 நவம்பர் 17இல் லக்ஸர் மேற்குக் கரையில், ஹட்ஷெப்சுட் கோயிலில் 62 பேர் கொல்லப்பட்ட தாக்குதலை அடுத்து வலுத்தது அந்த அணிவகுப்பு முறை. சுற்றுலா வண்டிகள் கூட்டமாக, முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு. இன்று அது பெரும்பாலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இரண்டு பழக்கங்கள்.

ஒன்று, அஸ்வான் - அபு சிம்பல் சாலை, சுமார் 280 கிலோமீட்டர், வெளிநாட்டவருக்கு இரவில் திறந்திருக்காது. விடியலை ஒட்டிச் சாவடி திறந்ததும் வண்டிகள் வரிசையாகக் கிளம்புவதால் பார்க்க அணிவகுப்புபோல இருக்கும்.

இரண்டு, ஓட்டுநர் முதல் நாள் மாலையே உங்கள் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கப் படத்தைக் கேட்பார். கொடுத்துவிடுங்கள், சாவடியில் ஒப்படைக்கும் தாளுக்கு அது தேவை. கேட்காத ஓட்டுநர்தான் சந்தேகத்துக்குரியவர். வழியில் திருப்பி அனுப்பப்படுவது அப்படிப்பட்டவரின் வண்டிதான்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடியலை ஒட்டிச் சாலை திறக்கிறது, பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல். நீங்கள் பார்க்க வந்ததோ விடியலை. ஆக அபு சிம்பலிலேயே முந்தைய இரவு தங்கியாக வேண்டும். அந்தச் சிற்றூரில் விடுதிகள் கைவிரல் எண்ணிக்கை, 21ஆம் தேதி இரவுக்கான அறைகள்தான் முதலில் தீரும். விமானச் சீட்டுக்கு முன் அந்த அறையைப் பிடியுங்கள்.

கல்வெட்டுக்கிறுக்கு, 5 டிசம்பர் 2025

22 கிடைக்காவிட்டால் உலகம் முடியாது. ஒளி அன்று மட்டும் சுவிட்ச் போட்டதுபோல வருவதில்லை. முன்னும் பின்னும் ஓரிரு நாள் கருவறை வரை கதிர் வரும், நடுவிலிருந்து கொஞ்சம் விலகி. 20 அல்லது 24ஆம் தேதி போனால் நெரிசல் பத்தில் ஒரு பங்கு. 22இல் நள்ளிரவு தாண்டியதுமே வரிசை தொடங்கும். கருவறை முன் நிற்க உங்களுக்குக் கிடைப்பது சில நொடி, "யல்லா, யல்லா" என்று நகர்த்திவிடுவார்கள். ஒளி தங்குவது சுமார் இருபது நிமிடம். வரிசையில் ஆயிரக்கணக்கானோர். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நான்கு சிலைகள்: ப்தா, அமுன், ரம்சேஸ், ரா-ஹராக்தி. வெளிச்சம் மூவர் மேல் விழும், ப்தா இருட்டிலேயே இருப்பார். அவர் பாதாளத்தோடு தொடர்புள்ளவர் என்று காரணம் சொல்வார்கள்.

ஒளி விழும் பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டும் ரம்சேஸின் பிறந்தநாள், முடிசூட்டு நாள் என்ற கதையை வழிகாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். இந்த இரு தேதிகளையும் அப்படி இணைக்கும் கல்வெட்டு எதுவும் இல்லை. அணைக்கட்டு நீரிலிருந்து காப்பாற்ற 1964 முதல் 1968 வரை கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றினார்களே, அதில் தேதி ஒரு நாள் தள்ளிப்போனது என்பது பரவலாகச் சொல்லப்படுவது.

பிப்ரவரி அதிகாலையில் அங்கே குளிரும். பகலில் 25 டிகிரியைத் தாண்டும் ஊர்தானே என்று மெல்லிய சட்டையோடு வரிசையில் நிற்காதீர்கள்.

சாரல், 6 டிசம்பர் 2025

படம் எடுப்பது பற்றி யாரும் எழுதவில்லை. தனியாகச் சுற்றுகிறவர் கேமராவோடு நிற்பதுதான் அங்கே அதிகம் கண்ணில் படும்.

2022இல் அமைச்சரவை விதியைத் தளர்த்தியது. பொது இடங்களில் சொந்த உபயோகத்துக்குக் கைபேசியிலோ சாதாரண கேமராவிலோ எடுக்க அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் கூடவே ஒரு வால்: குழந்தைகளை எடுக்கக் கூடாது, எகிப்தியரை எடுக்க அவர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்க வேண்டும், நாட்டின் பெயரைக் கெடுக்கும் காட்சி கூடாது. கடைசி விதிக்கு எல்லை எது என்பது எதிரில் நிற்கும் அதிகாரியின் மனநிலை. குப்பை மேட்டையும் இடிந்த வீட்டையும் கலையாகப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

ராணுவ வளாகம், போலீஸ் வண்டி, சோதனைச்சாவடி, அரசு அலுவலக வாசல், தூதரகம், பாலம், ரயில் நிலையம், மெட்ரோ, சூயஸ் கால்வாய்: கைபேசி பைக்குள். தவறி எடுத்து யாராவது கேட்டால், தாமதிக்காமல் அவர் கண்முன்னே அழித்து, அழித்தவை சேரும் பெட்டியையும் காலி செய்து காட்டுங்கள். வாதம் செய்தால் நிலையத்தில் இரண்டு மணி நேரம்.

கல்லறைகளுக்குள் கைபேசிப் படம் இலவசம், ஃப்ளாஷ் கூடாது. முக்காலி எடுத்தாலே "தொழில்முறை" ஆகிவிடுவீர்கள்.

வழிப்போக்கி, 6 டிசம்பர் 2025

சோதனைச்சாவடியில் என்னதான் நடக்கும்? படிப்படியாக யாராவது எழுதுங்கள். இது தெரியாததுதான் பயம்.

ரயில்பூச்சி, 7 டிசம்பர் 2025

அங்கே அதன் பெயர் கமீன். சாலையில் தடுப்பு, இரும்புக் கேடயத்துக்குப் பின்னால் ஒருவர், மேசை போட்டு ஒருவர், சாதாரண உடையில் ஒருவர். முடிவெடுப்பவர் பெரும்பாலும் அந்த மூன்றாமவர்.

வண்டி வேகம் குறையும்போதே கண்ணாடியை இறக்குங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி கழற்றுங்கள். கைபேசி மடியில் கவிழ்ந்து கிடக்கட்டும். ஓட்டுநர் பேசுவார், உங்களைக் கேட்டால் மட்டும் நீங்கள். கேள்வி மூன்றுதான்: எந்த நாடு, எங்கிருந்து வருகிறாய், எங்கே தங்குகிறாய். விடுதியின் பெயர் அரபியில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்க வேண்டும். டிக்கியில் உள்ள பெட்டிக்குள் உள்ள பைக்குள் இருந்தால் டிக்கியையே கொட்டிப் பார்ப்பார்கள், நீங்களே அழைப்பு விடுத்ததுபோல.

நகருக்குள் சுற்றும்போது முகப்புப் பக்கமும் விசாப் பக்கமும் கலரில் நகல் போதும், அசல் விடுதிப் பெட்டகத்தில். ஊர்விட்டு ஊர் போகும்போது அசல் கட்டாயம்.

மத்திய எகிப்தில் கதை வேறு. மின்யா, அஸ்யூத், ஸோஹாக் பக்கம் தனியாக இறங்கினால் போலீஸ் துணை ஒட்டிக்கொள்ளும். அமர்னா, பெனி ஹஸன் தொல்லியல் இடங்களுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் வேண்டாமென்றாலும் ஜீப் பின்னால் வரும். காசு கேட்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் பணிமுறை மாறும் இடங்களில் நீங்களும் காத்திருக்க வேண்டும். உங்கள் 14 நாளுக்கு இது ஆகாது. அபிதோஸ், தெந்தெரா கோயில்கள் இரண்டையும் லக்ஸரிலிருந்து ஒரே நாளில் காரில் பார்த்துத் திரும்புவது சுலபமான வழி, அபிதோஸ் சுமார் 160 கிலோமீட்டர்.

மூட்டைமுடிச்சு, 7 டிசம்பர் 2025

துணைக்கு வரும் ஜீப்புக்கு உங்களைவிட அவசரம். கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தால் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நம் கல்வெட்டுக்கிறுக்கைக் கூட்டிப்போனால் போலீஸ் வேலையை விட்டுவிடும்.

கல்வெட்டுக்கிறுக்கு, 7 டிசம்பர் 2025

ராஜினாமாவுக்கு நான் பொறுப்பல்ல. ஆனால் கல்வெட்டு என்றதும் ஞாபகம் வந்தது. நம் வாசகர்கள் சிலர் பெரெனிக்கே போக முடியுமா என்று கேட்பதுண்டு. தமிழ் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்த செங்கடல் துறைமுகம். ரோமானியர் காலத்துக் கோயில் ஒன்றில் இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்ததே, அதே ஊர். அந்தப் பகுதி ராணுவக் கட்டுப்பாட்டில், 2020 ஜனவரியில் பெரிய தளமே திறந்தார்கள். தனியாகச் சுற்றுலா போகும் இடம் இல்லை.

மாற்று, செங்கடற்கரை ஊரான குஸேர். பழைய ஊருக்கு எட்டு கிலோமீட்டர் வடக்கே குஸேர் அல் கதீம் என்ற மேடு. "பானை ஒறி" என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு அங்கே கிடைத்தது, ஒறி என்றால் உறி. வெளியே பார்க்க மண்மேடுதான், காட்சிப்பொருள் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உறியைத் தேடிப் போய் வெறும் காற்றைப் பார்த்துத் திரும்பிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

சாரல், 9 டிசம்பர் 2025

வழிப்போக்கி ஆணா பெண்ணா தெரியாது, தெரியவும் வேண்டாம். இழையைப் படிக்கும் பெண்களுக்காக இது.

கெய்ரோ மெட்ரோவில் நடுவில் உள்ள பெட்டிகள் பெண்களுக்கானவை, நடைமேடையில் பலகை இருக்கும். அதில் மட்டும் ஏறுங்கள். டாக்ஸியில் ஆண்கள் முன்னிருக்கையில் உட்காருவது அங்கே சகஜம், பெண்கள் பின்னிருக்கை. செயலி வழி வண்டி என்றால் எண்பலகையைப் பார்த்து ஏறி, பயணத்தைப் பகிர்ந்துவிடுங்கள். மசூதிக்கு ஒரு துப்பட்டா எப்போதும் பையில்.

தெருச் சீண்டல் உண்மை. பேச்சோடு போவதற்குப் பதில் சொல்லாமல் நடப்பதே வழி. கை நீண்டால் சத்தம் போடுங்கள், சுற்றியிருப்பவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள். 2014இலிருந்து அது தண்டனைக்குரிய குற்றம். சுற்றுலாப் போலீஸ் 126, பொதுப் போலீஸ் 122, ஆம்புலன்ஸ் 123. மூன்றையும் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதுங்கள்.

வீட்டுக்கு அழைப்பது: வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், நேரடி அழைப்பு அங்கே அடிக்கடி முடங்கும். "தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய் வீட்டாரைத் தவிக்க விடாதீர்கள். "இரவு ஒரு குறுஞ்செய்தி" என்று ஒப்பந்தம் போடுங்கள்.

மூட்டைமுடிச்சு, 10 டிசம்பர் 2025

பணம் பற்றிச் சின்னதாக. 2024 மார்ச்சில் பவுண்டின் மதிப்பைச் சந்தைக்கு விட்டதும் டாலருக்கு 31 இருந்தது 50ஐ ஒட்டிப் போனது. அதற்கு முந்தைய பதிவுகளில் உள்ள விலைகளை நம்பாதீர்கள். முக்கியமான தொல்லியல் இடங்களின் சீட்டு ஜன்னலில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை மட்டும். கிஸா மேட்டுக்கு 700 பவுண்ட், பிரமிடின் உள்ளே போக வேறு சீட்டு. பெரிய எகிப்திய அருங்காட்சியகம் 1,450. தனியாகப் போகிறவரின் ஒரே அட்டை முடங்கினால் பிரமிடை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஆகவே இரண்டு அட்டை, இரண்டு வெவ்வேறு வங்கி, இரண்டு வெவ்வேறு பையில்.

ரொக்கம் எதற்கு? சில்லறைக்கு. அங்கே ஃபக்கா என்பார்கள், தங்கத்தைவிட அரிது. ஏடிஎம்மில் 200 நோட்டாகத் துப்பும், விடுதி வரவேற்பிலேயே 10, 20 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கல்லறைக் காவலர் கூடவே வந்து சுவரைச் சுட்டிக்காட்டினால் அது பக்ஷீஷ் (அன்பளிப்புக் காசு) கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் முதல் சுவரிலேயே "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) சொல்லிவிட வேண்டும், ஐந்தாவது சுவரில் சொன்னால் செல்லாது.

50 பியாஸ்தர் நோட்டு, 50 பவுண்ட் நோட்டு இரண்டும் உண்டு. முந்தையது பிந்தையதில் நூறில் ஒரு பங்கு. மீதி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் கீழே உள்ள சொல்லையும் பாருங்கள்.

ஒட்டகத்தில் ஏற ஒரு விலை, இறங்க ஒரு விலை. ஏறுமுன் இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

வழிப்போக்கி, 14 டிசம்பர் 2025

அபு சிம்பலில் 21 இரவுக்கு அறை இல்லை. 19 இரவுக்குக் கிடைத்தது, பிடித்துவிட்டேன். ஆக என் விடியல் 20ஆம் தேதி.

கெய்ரோவில் துட்டன்காமூன் மன்னரின் தங்க முகமூடிக்காக தஹ்ரீர் அருங்காட்சியகம், பிரமிடுக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன்.

கல்வெட்டுக்கிறுக்கு, 14 டிசம்பர் 2025

தஹ்ரீரில் முகமூடி இல்லை. 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, கிஸா பிரமிடுகளிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர். அவர் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ். நேரம் குறித்த சீட்டு, இணையத்தில் முன்பே வாங்குங்கள், வாசலில் போய் நிற்க வேண்டாம். பிரமிடும் அதுவும் ஒரே நாளில் முடியும் என்று நினைப்பவர்கள் முடிக்கிறார்கள், பார்ப்பதில்லை. பிரமிடு மேட்டுக்கு இப்போது வாசல் ஃபையூம் சாலைப் பக்கம், உள்ளே மின்பேருந்து. பழைய வாசலுக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர் உங்களை ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்கப் போகிறார்.

அரச மம்மிகளும் தஹ்ரீரில் இல்லை. 2021 ஏப்ரல் 3இல் 22 பேரை ஊர்வலமாகக் கெய்ரோவிலேயே ஃபுஸ்தாத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கல்வெட்டுக்கிறுக்கு, 15 டிசம்பர் 2025

மேலே எழுதியதில் ஒரு குறை. துட்டன்காமூன் "எல்லாம்" கிஸாவில் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய உடல் லக்ஸரில், அரசர் பள்ளத்தாக்கில் அவர் கல்லறையிலேயே இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு. பள்ளத்தாக்கின் பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகள்தான், துட்டன்காமூன், முதலாம் சேத்தி, ஐந்தாம் ஆறாம் ரம்சேஸ் ஆகியவை தனித்தனி. ஒன்றுக்கு மட்டும் காசு என்றால் சேத்திக்குக் கொடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் மற்றவற்றைப் பார்த்த கண்ணோடு அங்கே இறங்கினால் காரணம் புரியும்.

தஹ்ரீரைப் பட்டியலிலிருந்து அடிக்கவும் வேண்டாம். 1902இல் திறந்த கட்டடம், கூட்டம் குறைந்த பிறகுதான் தொடக்க கால அரசர் நார்மரின் கற்பலகை முன் நிம்மதியாக நிற்க முடிகிறது.

ரயில்பூச்சி, 18 டிசம்பர் 2025

ரயில். கெய்ரோ - அஸ்வான் சுமார் 880 கிலோமீட்டர், 13 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தூங்கும் பெட்டி உள்ள ரயில் வேறு, உட்கார்ந்து போகும் குளிர்சாதன ரயில் வேறு. தனியாளுக்கு முழு அறை கேட்டால் கூடுதல் காசு, இல்லையேல் அறிமுகமில்லாத ஒருவரோடு பகிர்வு.

எந்த நிலையம் என்பதை இரண்டு முறை பாருங்கள். 2024 அக்டோபரில் பஷ்தீலில், தெற்கே (மேல் எகிப்து) போகும் ரயில்களுக்காகவே புது நிலையம் திறந்தார்கள். சீட்டில் ரம்சேஸா, கிஸாவா, பஷ்தீலா என்று இருப்பதே வேதம். டாக்ஸி ஓட்டுநர் "ரயில்" என்றதும் பழக்கத்தில் ரம்சேஸுக்கு விடுவார்.

நிலைய வாசலில் ஸ்கேனர். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஜன்னலில் நைல் தெரியும் என்ற கனவு வேண்டாம், நாக் ஹம்மாதி வரை பாதை மேற்குக் கரையில்தான், ஆனால் பெரும்பாலும் தெரிவது கரும்பும் கால்வாயும். அதுவும் அழகுதான்.

வழிப்போக்கி, 27 டிசம்பர் 2025

விசா? எல்லோரும் 25 டாலர் என்கிறார்கள்.

மூட்டைமுடிச்சு, 27 டிசம்பர் 2025

ஒருமுறை நுழைவு, 30 நாள், 2025 டிசம்பர் நிலவரப்படி 25 டாலர், அது சரி. ஆனால் எந்த பாஸ்போர்ட்டுக்கு எந்த வழி என்பது வேறுபடும். சிலருக்கு இணைய விசா, சிலருக்கு விமான நிலைய ஜன்னலில் ஒட்டுச்சீட்டு, சிலருக்கு வேறு நாட்டு விசா கையில் இருந்தால் மட்டும் அந்த ஜன்னல், மற்றவர்களுக்குத் தூதரகம். இணைய விசா என்றால் குறைந்தது ஏழு நாள் முன்பு. அரசுத் தளத்தைப்போலவே வேடம் போட்ட தளங்கள் நிறைய, கட்டணம் இரண்டு மூன்று மடங்கு கேட்டால் அது வேடம். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும்.

தஹாப் இன்னும் மனசில் இருந்தால் ஒரு பொறி: ஷர்ம் அல் ஷேக்கில் இறங்கினால் 15 நாளுக்கு இலவச முத்திரை தருவார்கள். அது தெற்கு சினாய்க் கடற்கரைப் பகுதிக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு கெய்ரோ போக முடியாது.

ரயில்பூச்சி, 28 டிசம்பர் 2025

தஹாப் பேருந்தைப் பற்றி ஒரு வரி: கெய்ரோவிலிருந்து பத்து மணி நேரத்துக்குக் குறையாது, இரவில் பல முறை எழுப்பி பாஸ்போர்ட் கேட்பார்கள், ஒருமுறையாவது எல்லோரையும் இறக்கிப் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்வார்கள். இரண்டு நாள் கடலுக்கு இரண்டு நாள் சாலை.

இன்னொன்று, காப்பீடு. வடக்கு சினாய், மேற்குப் பாலைவனம், எல்லைப் பகுதிகளுக்குப் போகாதே என்று பல அரசுகள் எச்சரித்திருக்கின்றன. எச்சரித்த பகுதிக்குள் நடந்ததற்குப் பெரும்பாலான காப்பீடுகள் காசு தராது. 2015 செப்டம்பரில் மேற்குப் பாலைவனத்தில் மெக்சிகோ சுற்றுலாப் பயணிகளின் வண்டிகளைத் தீவிரவாதிகள் என்று நினைத்து எகிப்தியப் படையே சுட்டது, 12 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிச் சீட்டு கேட்பது காகித வெறியால் அல்ல.

சாரல், 3 ஜனவரி 2026

இந்த மாதமே கெய்ரோ போகிற யாராவது படித்தால்: ஜனவரி 25ஐ ஒட்டி தஹ்ரீர் பக்கம் கெடுபிடி கூடும். 2011 எழுச்சி தொடங்கிய நாள், போலீஸ் தினம் என்பதும் அதே நாள்தான். நடுநகரில் தங்காமல் ஸமாலெக் பக்கம் தங்கலாம். கைபேசியில் அரசியல் பதிவுகளோடு சுற்ற வேண்டாம், ஓட்டுநர் அரசியல் பேசினால் கால்பந்துக்குத் திருப்புங்கள். ஸலாஹ் என்று ஒரு பெயர் போதும், இறங்கும் வரை நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

வழிப்போக்கி, 8 ஜனவரி 2026

திருத்திய கணக்கு. 13 முதல் 16 கெய்ரோ. 17 இரவு ரயில். 18 அஸ்வான், ஓய்வு. 19 காலை வண்டியில் அபு சிம்பல், அங்கேயே இரவு. 20 விடியல், பிற்பகல் அஸ்வான். 21 ஃபிலே கோயில். 22 காரில் கோம் ஓம்போ, எத்ஃபு கோயில்கள் வழியாக லக்ஸர். 23 முதல் 25 லக்ஸர். 26 விமானத்தில் கெய்ரோ. 27 சும்மா. தஹாப் போயே போச்சு.

ரயில்பூச்சி, 8 ஜனவரி 2026

இதில்தான் மூச்சு விட இடம் இருக்கிறது. 27ஐச் சும்மாவே வைத்திருங்கள், நிரப்பாதீர்கள். 19 காலை வண்டிக்கு 18 மாலை பாஸ்போர்ட் படம் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். திரும்பும் வண்டியையும் அப்போதே பேசுங்கள். அஸ்வானிலிருந்து வந்த வண்டிகள் காலையிலேயே கிளம்பிவிடும், பிறகு அபு சிம்பலில் வண்டி தேடுவது சிரமம்.

கல்வெட்டுக்கிறுக்கு, 9 ஜனவரி 2026

19 மாலையே ஒருமுறை கோயிலுக்குப் போய்விடுங்கள். ரமலான் நேரத்தில் எப்போது மூடுகிறார்கள் என்று விடுதியில் கேட்டுக்கொண்டு. பகல் வண்டிகள் போன பிறகு அங்கே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

மூட்டைமுடிச்சு, 9 ஜனவரி 2026

ரயில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அரபி இலக்கத்தில் இருக்கும். ஐந்து வட்டமாக இருக்கும், சுழியம் வெறும் புள்ளி. ஆறு நம் கண்ணுக்கு ஏழுபோலத் தெரியும். எழுத்து வலமிருந்து இடம், எண் மட்டும் இடமிருந்து வலம். ஐந்தாம் பெட்டியைச் சுழியம் என்று நினைத்து நடைமேடை முழுக்க நடக்காதீர்கள், ரயில் நிற்பது சில நிமிடம்தான்.